கேட்கும் காது யாருடையது?

தொழிலாளிக்கு வாய் வேண்டும் என்று போராடிய காலம் ஒன்று இருந்தது. குறையைச் சொன்னால் கதவடைப்பு, கூடிப் பேசினால் வேலைநீக்கம் என்றிருந்த நாளிலே, 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள், சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதியார் அடியெடுத்துக் கொடுத்தார், வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று நடத்தினர். பகல் உணவுக்கு இன்னும் சில நிமிடம் வேண்டும் என்ற சின்னஞ்சிறு கோரிக்கையும் அன்று பெரிய குற்றமாகக் கருதப்பட்டது. ஊமையாய் நின்றவனுக்கு வாய் கொடுத்தது சங்கம்.

இன்று காட்சி மாறியிருக்கிறது. வாய் கேட்டுப் போராடியவனிடம், "இதோ, காது தருகிறோம், மனத்தில் உள்ளதையெல்லாம் சொல்" என்று ஆலையே வந்து அழைக்கிறது! பெரிய கம்பெனிகள் பலவற்றிலே மனநல ஆலோசனை என்று ஓர் ஏற்பாடு வந்திருக்கிறது. ஆலோசனை சொல்பவருக்குக் கவுன்சிலர் என்று பெயர். நம் வட்டத்துக் கவுன்சிலர் அல்ல, தோழர்களே! குழாயில் தண்ணீர் வரவில்லை என்று இவரிடம் மனுக் கொடுக்க முடியாது. கண்ணில் தூக்கம் வரவில்லை என்று சொல்லலாம். கடன் கழுத்தை நெரிக்கிறது, குடியை விட முடியவில்லை, மேஸ்திரியைக் கண்டாலே நெஞ்சு படபடக்கிறது, வாழவே பிடிக்கவில்லை — எதையும் சொல்லலாமாம். எல்லாம் இரகசியமாக இருக்குமாம்.

இந்த ஏற்பாடு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வேண்டும், அவசியம் வேண்டும். 2015-16ஆம் ஆண்டுகளில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் 100 பேருக்கு 10 பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலக் கோளாறோடு வாழ்வதாகச் சொன்னது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே எட்டவில்லை என்றும் சொன்னது. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டிலே தற்கொலை செய்துகொண்டோர் 1,70,924 பேர். அவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள் என்பது சர்க்காரே வெளியிட்ட கணக்கு. உழைத்து உருக்குலைந்த உடலுக்கு மருந்து கேட்கிறோம். உள்ளம் உருக்குலைந்தால் மட்டும் ஊமையாய் இருக்க வேண்டுமா?

ஆகவே காது வேண்டும். ஆனால் ஒரு கேள்வி. அந்தக் காது யாருடையது? சொன்னவனுடைய நன்மைக்காகக் கேட்கும் காதா, சம்பளம் கொடுப்பவனுக்குச் செய்தி கொண்டுபோகும் காதா?

ஏரிக்கரையிலிருந்து ஆலைவாயிலுக்கு

இந்தக் கேள்வியைப் பட்டணத்துக் கண்ணாடி மாளிகையில் நின்று கேட்பதைவிடப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் நின்று கேட்டால் அதன் கூர்மை விளங்கும்.

சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்திலே கிடக்கிறது. தெற்கு முனை நம் திருவள்ளூர் மாவட்டத்திலே. 1613ஆம் ஆண்டிலேயே டச்சுக்காரன் வந்து கோட்டை கட்டிய இடம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் என்று கரையோரம் நெடுகிலும் குப்பங்கள். இறாலும் நண்டும் மடவையும் அந்த மக்களுக்குச் சோறு போட்டன. ஆனால் கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரத்தை மணல் மூடுகிறது. மூடினால் மீன்வரத்துக் குறைகிறது. மீன் குறைந்தால் வீட்டிலே உலை எரிவதில்லை. ஏரிக்குத் தெற்கே 1994இல் வடசென்னை அனல் மின்நிலையம் எழுந்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தது. அதன்பின் காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. அந்தத் துறைமுகத்துக்காக இடம்பெயர்ந்த மீனவக் குடும்பங்களுக்கு ஒப்பந்த வேலை கிடைத்தது. நிரந்தரம் எங்கே என்று கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியது ஊரறிந்த செய்தி.

வலை பிடித்த கை இன்று அடையாள அட்டையைப் பிடிக்கிறது. கடலுக்குப் போகிறவன் காற்றைப் பார்த்தான், நீரோட்டத்தைப் பார்த்தான். கண்டிராக்ட் வேலைக்குப் போகிறவன் கடிகாரத்தைப் பார்க்கிறான், சூப்பர்வைசரின் முகத்தைப் பார்க்கிறான். கடலிலே மீன் இல்லாவிட்டால் நாளைக்கு உண்டு என்ற நம்பிக்கை இருந்தது. கண்டிராக்டர், "நாளையிலிருந்து வராதே" என்றால் அந்த நாளைக்கு நம்பிக்கை ஏது?

இப்படிப்பட்ட ஒரு தொழிலாளியிடம் ஒரு நாள் ஆலை நிர்வாகம் வந்து, "கவுன்சிலர் வந்திருக்கிறார், மனம்விட்டுப் பேசு" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். அவன் பக்கத்து வீட்டு அண்ணனிடம் என்ன கேட்பான்?

"அண்ணே, போய்ச் சொல்லலாமா?"

"சொல்லு தம்பி. ஆனா ஒண்ணு கேட்டுக்க. அந்த அம்மாவுக்குச் சம்பளம் யாரு தர்றா?"

"கம்பெனிதான்."

"நீ சொல்றத எழுதிக்கிற நோட்டு எங்க இருக்கும்?"

"தெரியலண்ணே."

"அது தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் போ."

படிக்காத அண்ணன் கேட்ட இரண்டு கேள்வியும் பல்கலைக்கழகத்திலே எழுப்ப வேண்டிய கேள்விகள்! சம்பளம் யார் தருகிறார்? ஏடு யாரிடம் இருக்கிறது? இவ்விரண்டுக்கும் விடை தெரியாத இடத்திலே, "இரகசியம் காக்கப்படும்" என்று சுவரிலே எழுதி ஒட்டினால் போதுமா? சுவருக்கும் காது உண்டு என்று சொல்லி வளர்ந்தவர்கள் அல்லவா நாம்!

குப்பத்துத் தொழிலாளிக்கு இன்னும் ஒரு சங்கடம் உண்டு. அவனோடு வேலை செய்பவர்கள் முன்பின் அறியாதவர்கள் அல்லர். மாமன், மச்சான், பங்காளி, அடுத்த குப்பத்துச் சம்பந்தி. ஒரே வண்டியிலே போய் ஒரே வண்டியிலே திரும்புகிறவர்கள். காலையிலே ஆலைவாயிலில் கசிந்த சொல் மாலையிலே ஏரிக்கரைத் தேநீர்க்கடைக்கு வந்துவிடும். "அவனுக்கு மனசு சரியில்லையாம்" என்ற ஒரு சொல், வேலையை மட்டுமா கெடுக்கும்? தங்கையின் கலியாணப் பேச்சையும் கெடுக்கும். பட்டணத்துக் கம்பெனியில் 1,000 பேரில் ஒருவன் ஆலோசனைக்குப் போனான் என்றால் யாரென்று தெரியாது. 12 பேர் கொண்ட கண்டிராக்ட் கோஷ்டியில் ஒருவன் போனான் என்று கணக்குக் கொடுத்தாலே போதும்; பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

காதின் பூர்வீகம்

முதலாளி தொழிலாளியின் மனத்துக்குள் எட்டிப் பார்ப்பது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. அமெரிக்காவிலே ஹென்றி ஃபோர்டு 1914ஆம் ஆண்டு தம் மோட்டார் ஆலைத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 5 டாலர் என்று அறிவித்தார். உலகம் வியந்தது! ஆனால் அந்த 5 டாலரை முழுதாக வாங்க ஒரு நிபந்தனை. சமூகவியல் இலாகா என்று ஒன்றை ஆலையே அமைத்தது. அதன் ஆட்கள் தொழிலாளியின் வீட்டுக்கே வந்தனர். குடிக்கிறானா, சேமிக்கிறானா, குடும்பம் எப்படி நடக்கிறது என்றெல்லாம் துருவினர். தேறாதவனுக்கு இலாபப் பங்கு நிறுத்தப்பட்டது. அன்பு என்ற பெயரால் வீட்டுக்குள் புகுந்த வேவு அது.

இன்னோர் எடுத்துக்காட்டு. சிகாகோவுக்கு அருகே ஹாதார்ன் என்ற இடத்திலே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஆலை. அங்கே 1936ஆம் ஆண்டு முதல் ஆலோசகர்களை அமர்த்தி, தொழிலாளர் இருக்குமிடம் சென்று பேசவும் கேட்கவும் வைத்தனர். கேட்டதை மேலதிகாரியிடம் சொல்லக்கூடாது என்பது அவர்களுக்கு விதி. ஃபோர்டின் ஆட்களைவிட இவர்கள் எவ்வளவோ மேல். ஆனால் கேட்ட குறையைத் தீர்க்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. கூலி குறைவு என்றால் கேட்டுக்கொள்வார்கள். மேஸ்திரி கொடுமை என்றால் கேட்டுக்கொள்வார்கள். கேட்பதோடு சரி! 20 ஆண்டு நடந்த பின், 1956இல் அத்திட்டம் மூடப்பட்டது.

முதல் ஆலை கற்பிக்கும் பாடம்: இரகசியம் இல்லாத அக்கறை வேவு. இரண்டாம் ஆலை கற்பிக்கும் பாடம்: இரகசியம் இருந்தும் பரிகாரம் இல்லாவிட்டால், அது கொதிகலனின் நீராவியை வெளியேற்றும் குழாய் மட்டுமே.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 500 பேருக்குக் குறையாத ஆலையிலே தொழிலாளர் நல அதிகாரி ஒருவர் வேண்டும் என்றது. 2020ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 250 பேர் என்றாக்கியது. பெயர் தொழிலாளர் நல அதிகாரி. சம்பளம் முதலாளி தருவது. நல்லவர்கள் பலர் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறார்கள். ஆனால் நாற்காலி யாருடையது என்பதைத் தொழிலாளி ஒருநாளும் மறந்ததில்லை.

இப்போது கம்பெனிகளுக்கு ஏன் இந்தத் திடீர் அக்கறை? உலகச் சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு சொன்ன கணக்கு இது: மனச்சோர்வாலும் மனப்பதற்றத்தாலும் உலகத்திலே ஆண்டுதோறும் 1,200 கோடி வேலைநாட்கள் பாழாகின்றன. வேலைநாள் பாழானால் இலாபம் பாழாகும் அல்லவா? கணக்குப் பார்த்து வந்த கருணையாயினும் கருணையே, வரட்டும். ஆனால் கணக்குப் பார்த்து வந்தது கணக்கு மாறினால் போய்விடும். அதனால்தான் அதைக் கருணையாக விடாமல் உரிமையாக எழுதி வாங்க வேண்டும் என்கிறோம்.

சட்டம் பூட்டும் கதவும், திறக்கும் சன்னலும்

உரிமை என்று பேச நமக்குச் சட்டத்திலே இடம் இருக்கிறதா? இருக்கிறது, தோழர்கள் மனத்திலே பதித்துக்கொள்ள வேண்டிய இடம்.

2017ஆம் ஆண்டு இயற்றி, 2018ஆம் ஆண்டு மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மனநோயுற்றவருக்குத் தம் நோய், சிகிச்சை பற்றிய இரகசியத்துக்கு உரிமை உண்டு என்கிறது. சிகிச்சை தரும் மருத்துவத் துறையினர் அதைக் காக்கக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. எப்போது சொல்லலாம் என்பதற்கும் பட்டியல் தந்திருக்கிறது. நோயாளி நியமித்த பிரதிநிதியிடம் சொல்லலாம். சிகிச்சைக்காக வேறு மருத்துவரிடம் சொல்லலாம். உயிருக்கு ஆபத்து என்றால், பிறருக்குத் தீங்கு நேரும் என்றால், தடுக்கத் தேவையான அளவு சொல்லலாம். உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ, சட்டம் குறிப்பிடும் மனநல அமைப்புகளோ ஆணையிட்டால் சொல்லலாம். பொதுமக்கள் பாதுகாப்புக்காகச் சொல்லலாம். பட்டியலை மேலிருந்து கீழே படியுங்கள்; கீழிருந்து மேலே படியுங்கள். முதலாளி என்ற சொல் அதிலே இல்லை! கண்டிராக்டர் இல்லை, பர்சனல் மானேஜர் இல்லை.

அதே 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள், உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். 2021ஆம் ஆண்டு டிசம்பரிலே, மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் மனநலம் குன்றிய அதிகாரி ஒருவர் வழக்கில், மனநலக் குறைபாட்டிலிருந்து எழுந்த நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது பாரபட்சம் ஆகும் என்று அதே நீதிமன்றம் சொன்னது.

அதற்கும் முன்னே, 1997ஆம் ஆண்டு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் தற்காலிகக் கூலியாக இருந்தவர். வேலை செய்ய உடலில் வலு இருக்கிறது; ஆனால் இரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று வேலையை மறுத்தார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். தம் பெயரில் அல்ல, எம்.எக்ஸ். என்ற இரண்டே எழுத்தில்! பெயரை மறைத்து வழக்காட நீதிமன்றம் அனுமதித்தது. வேலை செய்யத் தகுதி உள்ளவரை நோயின் பெயரைச் சொல்லி ஒதுக்கக்கூடாது என்று தீர்ப்பும் தந்தது. அது மனநோய் அல்ல; ஆனால் அச்சம் ஒன்றேதான். நோயின் பெயர் வெளியே வந்தால் வேலை உள்ளே இராது என்ற அச்சம். அந்தக் கூலித் தொழிலாளி வென்றது தம் பெயரை வெளியிடாமலே.

இவ்வளவும் கதவைப் பூட்டும் சட்டங்கள். சன்னலைத் திறக்கும் சட்டமும் ஒன்று உண்டு. 2023ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய எண்ணியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பெயரிலே பாதுகாப்பு இருக்கிறது. அதன் 7ஆம் பிரிவைப் பாருங்கள். வேலைவாய்ப்புக் காரியங்களுக்காகவும், முதலாளியை நட்டத்திலிருந்தும் பொறுப்பிலிருந்தும் காப்பதற்காகவும், தொழிலாளியின் சம்மதம் இல்லாமலே அவனைப் பற்றிய விவரங்களைக் கையாளலாம் என்கிறது! நட்டம் என்ற சொல்லுக்கு எல்லை எது? தூங்காதவன் மெதுவாக வேலை செய்வான், அது நட்டம் என்று நாளை ஒருவர் வாதாடினால்? வேலியே பயிரை மேய வழி வைத்திருக்கிறார்கள்.

இன்னும் ஓர் ஓட்டை. 23ஆம் பிரிவு பேசுவது மனநோயுற்றவரைப் பற்றி. கடமை விதிப்பது மருத்துவத் துறையினருக்கு. நோய் என்று பெயர் வைக்கும் அளவுக்குப் போகாமல், கடனாலும் கவலையாலும் நொந்து போனவன் அந்தப் பாதுகாப்புக்குள் வருவானா? சில வாரப் பயிற்சி பெற்றுக் கவுன்சிலர் என்று பெயர்ப்பலகை மாட்டியவர் அந்தக் கடமைக்குள் வருவாரா? வராவிட்டால், சட்டம் விட்ட இடத்தைச் சங்கத்தின் ஒப்பந்தம் நிரப்ப வேண்டும்.

கிரேன் ஏறுகிறவனின் உயிர்

இங்கே நிர்வாகத் தரப்பிலிருந்து ஒரு வாதம் வரும். வாதம் வலிமையானது, ஒதுக்கித் தள்ளக் கூடாது.

"துறைமுகத்திலே வானளாவ நிற்கும் கிரேனை ஓட்டுகிறான் ஒருவன். அவன் மனம் சரியில்லை என்பது கவுன்சிலருக்குத் தெரிகிறது; நிர்வாகத்துக்குத் தெரியவில்லை. கீழே நிற்கும் 10 பேர் உயிருக்கு யார் பொறுப்பு?"

நியாயமான கேள்வி. கீழே நிற்கும் 10 பேரும் நம்மவர்கள். அவர்கள் உயிர் நமக்கும் பெரிது. ஆனால் சிந்தியுங்கள். சொன்னால் வேலை போகும் என்று தெரிந்தால் கிரேன் ஓட்டுகிறவன் என்ன செய்வான்? சொல்லாமல் இருப்பான். மனத்திலே புயலை வைத்துக்கொண்டு, முகத்திலே சிரிப்பை வைத்துக்கொண்டு, ஏணியிலே ஏறுவான். இரகசியம் இல்லாத இடத்திலே நிர்வாகத்துக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணுவது ஏமாளித்தனம். எதுவுமே தெரியாது என்பதுதான் உண்மை. இரகசியம் இருந்தால் அவன் முன்னதாகவே சொல்வான். கவுன்சிலர், "ஒரு வாரம் மேலே ஏறாதே, தம்பி" என்று முன்னதாகவே தடுப்பார். 10 பேரின் உயிரைக் காப்பது இரகசியந்தான்!

ஆபத்து கண்முன் நின்றால் சொல்லலாம் என்று சட்டமே வழி வைத்திருக்கிறது. அப்போதும் சொல்ல வேண்டியது எவ்வளவு? இந்த வேலைக்கு இப்போது தகுதியா, தகுதி இல்லையா என்ற ஒரே சொல். மனைவி பிரிந்த கதையும், மருந்தின் பெயரும் எதற்கு? சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் தொழிலாளரின் சொந்த விவரங்களைக் காப்பது பற்றி 1997இல் வெளியிட்ட நெறிமுறை இதைத்தான் சொல்கிறது: மருத்துவப் பரிசோதனையிலிருந்து முதலாளிக்குப் போக வேண்டியது வேலைக்கு வேண்டிய முடிவு மட்டுமே, மருத்துவ விவரம் அல்ல.

இது துறைமுகத்துக்கு மட்டும் உரிய சிக்கலும் அல்ல. தமிழகக் காவல்துறையே 2018ஆம் ஆண்டு நிம்ஹான்ஸ் துணையோடு காவலர் நல்வாழ்வுத் திட்டத்தைத் தொடங்கியது. 2022இல் சென்னைக் காவல்துறை "மகிழ்ச்சி" என்ற திட்டத்தைத் தொடங்கியது. வரவேற்போம். ஆனால் துப்பாக்கி ஏந்தும் காவலனுக்கும், கிரேன் ஓட்டும் தொழிலாளிக்கும் கேள்வி ஒன்றுதான்: "நான் பேசியது என் பதவி உயர்வுக் காகிதத்தோடு சேருமா?" சேராது என்று எழுத்திலே கண்டால்தான் அவன் பேசுவான்.

பாடு முறை சொல்லும் பாடம்

நம்பிக்கை என்பது இனிய பேச்சால் வருவது அல்ல. அதைப் பழவேற்காட்டு மீனவன் பல தலைமுறைக்கு முன்பே அறிந்திருந்தான். ஏரியிலே நல்ல இடமும் உண்டு, வறண்ட இடமும் உண்டு. யாருக்கு எந்த இடம் என்று அடித்துக்கொள்ளாமல் இருக்கக் கண்ட வழிதான் பாடு முறை. மீன்பிடிக்கும் இடங்களை முறை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பங்கிடுவது. இன்று உன் முறை, நாளை என் முறை. "என்னை நம்பு" என்று எவனும் எவனிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. முறையை எல்லாரும் அறிவார்கள், மீறினால் என்ன ஆகும் என்றும் அறிவார்கள். அந்த முறைக்கும் குறை உண்டு. பாட்டிலே இடம் கிடைக்காத ஏழை எளியவரும் அதே ஏரிக்கரையில் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் பாடம் தெளிவானது: ஆளை நம்பி அல்ல, விதியை நம்பியே வலை போட்டார்கள்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இன்னொரு பாடமும் கிடைத்தது. தமிழகக் கடற்கரைக் குப்பங்களிலே, அந்தந்த ஊர் ஆண் பெண்களுக்கே பயிற்சி தந்து, துயருற்றோரிடம் பேச வைத்தனர். கேட்டவர் கையிலே சொன்னவரின் வேலையும் கூலியும் இல்லை. கேட்பவனுக்குச் சொல்பவன்மீது அதிகாரம் இல்லாத இடத்திலேதான் கண்ணீர் தடையின்றி வரும்.

சங்கம் கேட்க வேண்டியவை

ஆகவே, மனநல ஆலோசனை வரும் ஒவ்வோர் ஆலையிலும் சங்கத் தோழர்கள் மேசைமேல் வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை.

ஒன்று: முதல் நாள், முதல் பேச்சுக்கு முன், தமிழிலே எழுதிய ஒரு தாள் தொழிலாளி கையில் தரப்பட வேண்டும். கவுன்சிலருக்குச் சம்பளம் யார் தருகிறார், என்ன எழுதுவார், எங்கே வைப்பார், எந்தெந்த நிலையில் இரகசியம் உடையும் என்பதெல்லாம் அதிலே இருக்க வேண்டும். இரகசியம் உடையும் இடங்களை மறைத்து, "எதுவும் வெளியே போகாது" என்று சொல்வதும் ஒரு பொய்தான்.

இரண்டு: ஏடு கம்பெனியின் கணினியில் இருக்கக்கூடாது. கம்பெனிக்குப் போவது மொத்தக் கணக்கு மட்டுமே. சிறு கோஷ்டிகளில் அந்தக் கணக்கும் தனியாகப் போகக்கூடாது.

மூன்று: தகுதிச் சான்று தரும் டாக்டரும், மனம்விட்டுப் பேசும் கவுன்சிலரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. வேலிக்கு ஓணான் சாட்சி ஆகக்கூடாது. ஒழுங்கு விசாரணையிலே கவுன்சிலரின் ஏடு சாட்சியாக வரக்கூடாது.

நான்கு: நிரந்தரத் தொழிலாளிக்கு உள்ள இரகசியம் கண்டிராக்ட் தொழிலாளிக்கும் உண்டு. கம்பெனியிடமிருந்து மட்டும் அல்ல, கண்டிராக்டரிடமிருந்தும்.

ஐந்து: ஆலைக்கு வெளியே போய்ச் சிகிச்சை பெற விரும்புகிறவனுக்குச் சம்பளத்தோடு நேரம் தர வேண்டும், வெளியேறும் சீட்டிலே காரணம் எழுதச் சொல்லக்கூடாது. சர்க்கார் மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற இலவசத் தொலைபேசி இருக்கிறது. இரவும் பகலும் தமிழிலே பேசலாம். அந்த எண் ஆலையின் அறிவிப்புப் பலகையில் மட்டும் அல்ல, நம் படிப்பகங்களின் சுவரிலும் இருக்க வேண்டும்.

ஆறு: பத்துப் பேர் வந்து ஒரே மேஸ்திரியின் கொடுமையைச் சொன்னால், பத்துப் பேருக்கும் மூச்சுப் பயிற்சி சொல்லி அனுப்புவது ஆலோசனை அல்ல. பெயர் இன்றிக் குறையை மட்டும் எடுத்துச் சொல்ல வழி வேண்டும்; அதற்கு நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும். நிரந்தரமில்லாத வேலையால் வரும் உறக்கமின்மைக்கு நிரந்தரம்தான் மருந்து. அந்த மருந்தைக் கவுன்சிலர் எழுதித்தர முடியாது. சங்கம்தான் வாங்கித்தர முடியும்.

நம் வாய்க்கும் ஒரு பூட்டு

முதலாளியிடம் கேட்பதை நம்மிடமும் கேட்டுக்கொள்வதுதான் நேர்மை. ஆலையில் தொடர்ந்து இயங்கும் மருத்துவப் பணிகளைப் பற்றிய 1985ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கை, 161ஆம் எண் உடையது, அப்பணியாளர்கள் முதலாளியிடமிருந்து சுதந்திரமாக இருக்க வேண்டும் என்கிறது, அத்தோடு நிறுத்தவில்லை. தொழிலாளரிடமிருந்தும் அவர்தம் பிரதிநிதிகளிடமிருந்தும் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்கிறது. அதாவது, சங்கச் செயலாளரும் அந்த ஏட்டைப் புரட்டிப் பார்க்கக்கூடாது!

கசப்பாக இருக்கலாம், ஆனால் சரியானது. ஒரு தோழன் கூட்டத்துக்கு வருவதை நிறுத்துகிறான். ஏன் என்று விசாரிக்கிறோம். மனம் உடைந்திருக்கிறான் என்று தெரிகிறது. அடுத்த நாள் அது கிளைக்குத் தெரிகிறது. மறுநாள் ஊருக்குத் தெரிகிறது. தேர்தலிலே எதிர்த்து நின்றவனைத் தாக்க, "அவன் கீழ்ப்பாக்கத்துக்குப் போக வேண்டியவன்" என்று மேடையிலே பேசிக் கைதட்டல் வாங்குகிறோம். 1871ஆம் ஆண்டிலிருந்து எத்தனையோ பேரின் உள்ளத்துக்கு மருந்திட்ட மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரை வசைச்சொல் ஆக்கிய நாக்கு நம்முடையது அல்லவா? அந்த மேடைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்களில், மறுநாள் மருத்துவரைப் பார்க்க எண்ணியிருந்தவன் ஒருவன் இருப்பான். அவன் போகமாட்டான். நம் கைதட்டலே அவனுக்குக் கதவடைப்பு.

முதலாளியின் ஏட்டுக்குப் பூட்டுக் கேட்கும் உரிமை, தன் நாக்குக்குப் பூட்டுப் போட்டவனுக்கே உண்டு. கிளைச் செயலாளர்கள் இதைச் செயலிலே காட்ட வேண்டும். ஒருவன் தன் துயரைச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், மருத்துவரிடம் போக வழி சொல்லுங்கள், வேண்டுமென்று அவன் கேட்டால் துணைக்குப் போங்கள், அத்தோடு மறந்துவிடுங்கள்.

வாய் கொடுத்த சங்கத்துக்கு இன்று வந்திருக்கும் வேலை, காதைக் காவல் காப்பது. ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து துறைமுக வாயிலுக்குப் போகும் தொழிலாளி, தன் நெஞ்சில் உள்ளதை ஒருவரிடம் சொல்லிவிட்டு, அந்த மாதச் சம்பளத்தைப் பற்றி அஞ்சாமல் வீடு திரும்ப வேண்டும். அந்த நாள் வரும்வரை, ஆலோசனை அறையின் கதவிலே எத்தனை இனிய வாசகம் எழுதியிருந்தாலும், நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கேட்கும் காது யாருடையது? விடையை வாயால் அல்ல, எழுத்திலே, கையெழுத்தோடு வாங்குவோம்!